உலகக் கோப்பைக்கு ஆறு வாசல்கள்: கால்பந்துத் தகுதிச்சுற்று எப்படி நடக்கிறது?

2025 நவம்பர் 18. ஜமைக்காவின் கிங்ஸ்டன் மைதானத்தில் ஜமைக்காவும் குராசாவும் மோதிய ஆட்டம் 0-0 என்று முடிந்தது. ஜமைக்கா அடித்த பந்து மூன்று முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசி நிமிடங்களில் நடுவர் ஜமைக்காவுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். பிறகு வீடியோவைப் பார்த்துவிட்டு அதை ரத்து செய்தார். விசில் ஊதியதும் ஒரு அணி குதித்துக் கூத்தாடியது. இன்னொரு அணி புல்தரையில் சரிந்து கிடந்தது. யாருமே ஜெயிக்காத ஆட்டத்தில் எப்படி ஒருவருக்குக் கொண்டாட்டம், இன்னொருவருக்கு இழவு?

கால்பந்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். அன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. புள்ளிப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டத்துக்கு முன் குராசாவிடம் 11 புள்ளிகள், ஜமைக்காவிடம் 10. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு ஆளுக்கு 1. ஆகவே டிரா ஆனால் 12-க்கு 11. குராசாவுக்கு கோல் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்காமல் இருந்தால் போதும். ஏறக்குறைய 1,56,000 பேர் வாழும் அந்தத் தீவு, உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றவற்றிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது என்ற பெயருடன் உள்ளே போனது.

நாம் தொலைக்காட்சியில் ஒரு மாதம் பார்க்கும் உலகக் கோப்பை, உண்மையில் ஒரு நீண்ட போட்டியின் கடைசி அத்தியாயம். உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவில் 211 உறுப்புச் சங்கங்கள் இருக்கின்றன. 2026 உலகக் கோப்பையில் இடம் 48 அணிகளுக்கு. யார் அந்த 48 என்று முடிவு செய்ய இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் நடக்கும் ஆட்டங்களுக்குத்தான் தகுதிச்சுற்று என்று பெயர்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து விளங்கும். தகுதிச்சுற்று என்பது ஒரே போட்டி அல்ல. ஆறு கண்டக் கூட்டமைப்புகள், ஆறு வாசல்கள். ஒவ்வொரு வாசலுக்கும் அகலம் வேறு, படிகளின் எண்ணிக்கை வேறு, காவல்காரர் வேறு. ஒரு நாடு நன்றாக ஆடுகிறதா என்பது பாதிக் கேள்விதான். எந்த வாசல் வழியாக வருகிறது என்பது மீதி.

ஒரு ராத்திரி, மூன்று ஆட்டங்கள்

பட்டியலை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள 2017 அக்டோபர் 10-ஐ விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வட, மத்திய அமெரிக்கா மற்றும் கரீபியன் பகுதியின் இறுதிக் கட்டம் அது. ஆறு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஐந்துடன் சொந்த மண்ணில் ஒரு முறை, எதிரணியின் மண்ணில் ஒரு முறை, ஆகப் பத்து ஆட்டங்கள். முதல் மூன்று இடங்களுக்கு 2018 ரஷ்யா டிக்கெட். நான்காவது இடத்துக்கு இன்னொரு வாய்ப்பு. ஐந்தும் ஆறும் வீட்டுக்கு.

மெக்சிகோவும் கோஸ்டா ரிகாவும் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டன. மிச்சமிருந்த இடத்துக்கு அமெரிக்கா 12 புள்ளிகளுடன் முன்னால் நின்றது. பனாமாவும் ஹோண்டுராஸும் தலா 10. அமெரிக்காவின் எதிரி டிரினிடாட்-டொபாகோ, அதுவரை ஆடிய ஒன்பதில் ஒன்றே ஒன்றை ஜெயித்திருந்த கடைசி இடத்து அணி. டிரா செய்தாலே அமெரிக்காவுக்குப் போதும். ஏனென்றால் புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வரும் எண், பார்க்கப்படும். அதில் அமெரிக்கா மற்ற இருவரையும் விட வெகு தூரம் முன்னால் இருந்தது. அந்தச் சுற்றிலேயே ஹோண்டுராஸை 6-0, பனாமாவை 4-0 என்று நொறுக்கியிருந்த அணி அது.

மூன்று ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. கடைசி நாள் ஆட்டங்களை இப்படி ஒரே நேரத்தில் வைப்பது வழக்கம்; இல்லாவிட்டால் பின்னால் ஆடுகிறவர்கள் முந்திய முடிவைத் தெரிந்துகொண்டு கணக்குப் போட்டு ஆடுவார்கள். டிரினிடாட்டின் கூவா நகரத்தில், முந்தின நாள் மழைத் தண்ணீர் தேங்கியது இன்னும் பேசப்பட்டுக்கொண்டிருந்த மைதானத்தில், அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் தன் சொந்த வலைக்குள்ளேயே பந்தைத் திருப்பிவிட்டார். அடுத்து டிரினிடாட்டின் ஆல்வின் ஜோன்ஸ் தொலைவிலிருந்து ஒரு கோல் அடித்தார். இடைவேளைக்குப் பின் அமெரிக்காவின் புலிசிக் ஒன்றைத் திருப்பினார். 2-1. அத்தோடு நின்றுவிட்டது.

அதனால் மட்டும் அமெரிக்கா வெளியேறியிருக்காது. வெளியே அனுப்ப மற்ற இரண்டு மைதானங்களிலும் ஒரே சமயத்தில் அதிசயம் நடக்க வேண்டும். நடந்தது. ஹோண்டுராஸ் மெக்சிகோவை 3-2 என்று வென்றது. பனாமா நகரத்தில் கோஸ்டா ரிகா முன்னிலையில் இருந்தபோது, கோட்டை முழுதாகத் தாண்டாத ஒரு பந்தை நடுவர் கோல் என்று அறிவித்தார். வீடியோ உதவி நடுவர் அப்போது அங்கே கிடையாது. 88-வது நிமிடத்தில் ரோமான் டோரஸ் இன்னொன்றை அடித்தார். 2-1. மறுநாள் பனாமாவில் தேசிய விடுமுறை.

முடிவில் பட்டியல் இப்படி நின்றது: மெக்சிகோ 21, கோஸ்டா ரிகா 16, பனாமா 13, ஹோண்டுராஸ் 13, அமெரிக்கா 12, டிரினிடாட் 6. அமெரிக்காவின் கோல் வித்தியாசம் +4. மூன்றாம் இடம் பிடித்து உலகக் கோப்பைக்குப் போன பனாமாவுக்கு -1. அடித்ததை விட வாங்கியது அதிகம்! ஆறு கோலில் ஜெயித்தாலும் புள்ளி மூன்றுதான் என்பதை இதைவிடக் கொடூரமாக யாரும் விளக்கிவிட முடியாது.

வாசல்களின் அகலம்

2026-க்கான பங்கீட்டைப் பாருங்கள். ஐரோப்பாவுக்கு 16 இடங்கள், ஆப்பிரிக்காவுக்கு 9, ஆசியாவுக்கு 8, தென் அமெரிக்காவுக்கு 6, ஓசியானியாவுக்கு 1. வட, மத்திய அமெரிக்கா மற்றும் கரீபியனுக்கு 6. ஆனால் அதில் மூன்று, போட்டியை நடத்தும் அமெரிக்கா, மெக்சிகோ, கனடாவுக்கு. கூட்டினால் 46. மீதி இரண்டு இடங்களுக்குக் கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப், அதாவது நேரடி இடம் கிடைக்காதவர்களுக்கான கடைசி மோதல்.

எண்கள் சரி, விகிதத்தைப் பாருங்கள். தென் அமெரிக்காவில் இருப்பதே பத்து நாடுகள். ஆறு நேராகப் போகின்றன, ஏழாவதற்கும் பிளே-ஆஃப் உண்டு. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். ஒன்பதுக்குத்தான் நேரடி இடம். தென் அமெரிக்க அணிகளின் தரத்தைக் காட்டி இதை நியாயப்படுத்துவார்கள். ஓரளவு சரிதான். ஆனாலும் ஆறுக்கு ஒன்று என்ற வரிசையில் நிற்கிறவருக்கு அந்த நியாயம் எளிதில் இறங்காது.

நடத்தும் நாட்டுக்கு நேரடி அனுமதி என்பது எப்போதும் இருந்த விதி என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1930-இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பைக்குத் தகுதிச்சுற்றே கிடையாது. 13 அணிகளும் அழைப்பின் பேரில் வந்தவை. 1934-இல் முதன்முதலாகத் தகுதிச்சுற்று வைத்தபோது, போட்டியை நடத்திய இத்தாலியே கிரீஸுடன் ஆடி ஜெயித்துத்தான் தன் வீட்டு விருந்துக்குள் நுழைந்தது. அதேபோல் நடப்புச் சாம்பியனுக்கும் நீண்ட காலம் நேரடி இடம் இருந்தது. 2006 முதல் அந்தச் சலுகை நீக்கப்பட்டது. 2002-இல் கோப்பையை வென்ற பிரேசில் மற்ற ஒன்பது நாடுகளுடன் வரிசையில் நின்று தகுதி பெற வேண்டியதாயிற்று.

தென் அமெரிக்கா: ஒளிய இடமில்லை

எனக்குப் பிடித்த வாசல் இதுதான். குலுக்கல் கிடையாது, குழு கிடையாது, அதிர்ஷ்டக் குழு என்று சொல்லிக்கொள்ள வழியே கிடையாது. பத்து அணிகளும் ஒரே பட்டியலில்; எல்லோரும் எல்லோருடனும் இரண்டு முறை; 18 ஆட்டங்கள். 2026-க்கான வரிசை 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 செப்டம்பரில்தான் முடிந்தது. அர்ஜென்டினா 38 புள்ளிகளுடன் முதலிடம். முந்திய சுற்றில் ஓர் ஆட்டக்காரரின் ஆவணக் குளறுபடிக்காக மூன்று புள்ளிகள் வெட்டப்பட்டு, கழித்தல் மூன்றிலிருந்து ஓட்டத்தைத் தொடங்கிய ஈக்வடார் இரண்டாமிடம். பதினெட்டு ஆட்டங்கள் இருந்தால் அப்படியொரு பள்ளத்திலிருந்தும் ஏறி வர நேரமிருக்கிறது.

இங்கே எதிரணியின் மண் என்றால் வெறும் கூச்சல் மட்டுமல்ல, காற்றும் கூட. பொலிவியாவின் லா பாஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பந்து வேகமாகப் பறக்கும், நுரையீரல் மெதுவாக நிரம்பும். 2009 ஏப்ரலில் மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா, அணியில் மெஸ்ஸி இருந்தும், அங்கே 6-1 என்று உதைபட்டது. 2007-இல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் ஆட்டங்களுக்குத் தடை போட்டுப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டே கைவிட்டது. பொலிவியா அசரவில்லை, பிறகு இன்னும் உயரே, 4,000 மீட்டரைத் தாண்டிய எல் ஆல்டோவுக்கு ஆட்டங்களைக் கொண்டு போனது. 2025 செப்டம்பரில் அங்கே பிரேசிலை 1-0 என்று வீழ்த்தித்தான் ஏழாவது இடத்தைப் பிடித்து, பிளே-ஆஃப் வாய்ப்பைப் பெற்றது. ஊரையே பன்னிரண்டாவது ஆட்டக்காரராக்குவது என்பார்களே, இவர்கள் மலையையே ஆக்கியிருக்கிறார்கள்.

ஐரோப்பா: இரண்டு பெனால்டிகளின் விலை

ஐரோப்பாவில் நேர்மாறு. அணிகள் அதிகம், தேதிகள் குறைவு. 2026-க்கு 12 குழுக்கள், குழுவில் நான்கு அல்லது ஐந்து அணிகள். ஆக ஓர் அணிக்கு ஆறோ எட்டோ ஆட்டங்கள்தான். குழுவில் முதலிடம் பிடித்தால் நேரடி இடம். இரண்டாமிடம் என்றால் பிளே-ஆஃப். அங்கே ஒவ்வொரு மோதலும் ஒரே ஆட்டம், தோற்றால் முடிந்தது. இரண்டாமிடம் பிடித்த பன்னிரண்டோடு வேறு நான்கும் சேர்ந்து, மீதமிருக்கும் நான்கு இடங்களுக்குப் பதினாறு அணிகள் அடித்துக்கொள்ளும்.

இத்தாலியைக் கேளுங்கள். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. அடுத்த சில மாதங்களில் தகுதிச்சுற்றுக் குழுவில் சுவிட்சர்லாந்தை இரண்டு முறை சந்தித்தது. பாசெலில் 0-0, ரோமில் 1-1. இரண்டு ஆட்டங்களிலும் இத்தாலிக்கு ஒவ்வொரு பெனால்டி கிடைத்தது. இரண்டையும் அடித்தவர் ஜோர்ஜின்யோ. இரண்டும் உள்ளே போகவில்லை. குழு முடிந்தபோது சுவிட்சர்லாந்து 18, இத்தாலி 16. இப்போது ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த இரண்டில் ஒரே ஒரு பெனால்டி உள்ளே போயிருந்தால் அந்த டிரா வெற்றியாகியிருக்கும். இத்தாலிக்கு இரண்டு புள்ளி கூடி 18, சுவிட்சர்லாந்துக்கு ஒன்று குறைந்து 17. இத்தாலி நேராகக் கத்தாருக்கு விமானம் ஏறியிருக்கும்.

போகவில்லை, ஆகவே பிளே-ஆஃப். 2022 மார்ச் 24, பலெர்மோ. எதிரில் வடக்கு மாசிடோனியா. இத்தாலி ஆட்டம் முழுக்க முற்றுகையிட்டது, பந்து மட்டும் வலைக்குள் போகவில்லை. 92-வது நிமிடத்தில் டிராய்கோவ்ஸ்கி தொலைவிலிருந்து அடித்த தரையோடு போன பந்து மூலையில் புகுந்தது. 2018 உலகக் கோப்பைக்கான வாய்ப்பை ஸ்வீடனிடம் பறிகொடுத்த இத்தாலிக்குத் தொடர்ந்து இரண்டாவது உலகக் கோப்பையும் இல்லை என்றானது. தென் அமெரிக்காவின் பதினெட்டு ஆட்ட வரிசையில் இரண்டு தவறிய பெனால்டிகள் இத்தனை பெரிய தண்டனையாகியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

ஆசியா: படிக்கட்டு

ஆசியாவில் வாசலுக்கு முன்னால் ஒரு நீண்ட படிக்கட்டு. தரவரிசையில் கீழே இருப்பவர்கள் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். மேலே இருப்பவர்கள் இரண்டாவது படியில் வந்து சேர்ந்துகொள்வார்கள். 2026-க்கு முதல் சுற்றில் 20 அணிகள் ஜோடி ஜோடியாக மோதின. இரண்டாம் சுற்றில் 36 அணிகள், ஒன்பது குழுக்கள். குழுவுக்கு இருவர் மேலே. மூன்றாம் சுற்றில் 18 அணிகள், ஆறு ஆறாக மூன்று குழுக்கள். முதல் இருவருக்கு நேரடி இடம். ஈரான், உஸ்பெகிஸ்தான், தென் கொரியா, ஜோர்டான், ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகியவை அப்படிப் போனவை. இவற்றில் உஸ்பெகிஸ்தானுக்கும் ஜோர்டானுக்கும் இதுதான் முதல் முறை. மூன்றாம், நான்காம் இடத்தில் நின்றவர்களுக்கு நான்காம் சுற்று. அதில் கத்தாரும் சவூதி அரேபியாவும் தேறின. அங்கே குழுவில் இரண்டாமிடம் பிடித்த இருவருக்கு ஐந்தாம் சுற்று. அதில் ஈராக், ஐக்கிய அரபு அமீரகத்தை வென்றும், கைக்குக் கிடைத்தது டிக்கெட் அல்ல. பிளே-ஆஃபில் ஆடும் உரிமை. மூச்சு வாங்குகிறதா? ஈராக்குக்கும் வாங்கியிருக்கும்.

இந்தியா நின்றுபோன இடம் இரண்டாம் சுற்று. கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் இருந்த குழு. முதல் ஆட்டத்திலேயே குவைத்தை அதன் மண்ணில் 1-0 என்று வென்றபோது கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆப்கானிஸ்தானிடம் ஒரு டிராவும் ஒரு தோல்வியும் வந்து அதைக் கலைத்தன. சுனில் சேத்ரி விடைபெற்ற கொல்கத்தா ஆட்டமும் 0-0. கடைசி நாள், 2024 ஜூன் 11, தோஹாவில் கத்தாரை வென்றால் மூன்றாம் சுற்று. சாங்தே அடித்த கோலில் இந்தியா முன்னிலையில் இருந்தது. 73-வது நிமிடத்தில், எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தைக் கத்தார் ஆட்டக்காரர் உள்ளே இழுத்துவிட, அது கோலானது. இந்திய ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள், பலனில்லை. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் வசதி இல்லை. முடிவு 2-1. கிங்ஸ்டனில் ஜமைக்காவின் பெனால்டியை ரத்து செய்த அதே தொழில்நுட்பம், வேறொரு வாசலின் கீழ்ப் படியில் இருக்கவில்லை. அந்தக் கோலை மட்டும் குறை சொல்லி ஆறுதல் தேடுகிறவர்களிடம் நான் ஆப்கானிஸ்தான் ஆட்டங்களைத்தான் நினைவூட்டுவேன். தோற்ற ஆட்டத்தை ஜெயித்திருந்தால் தோஹாவில் கழுத்துக்குக் கத்தி வந்திருக்காது.

ஆப்பிரிக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஆறு ஆறாக ஒன்பது குழுக்கள், முதலிடம் மட்டுமே நேரடி இடம். அதனால்தான் கேமரூன் போன்ற பழம்பெரும் அணி இருந்த குழுவில் கேப் வெர்டே முதலிடம் பிடித்து முதன்முறையாக உள்ளே போக, கேமரூன் ஆப்பிரிக்காவுக்குள் நடந்த பிளே-ஆஃபுக்குத் தள்ளப்பட்டது. கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃபும் அப்படித்தான் எளிது: ஐரோப்பா தவிர மற்ற கூட்டமைப்புகளிலிருந்து வரும் ஆறு அணிகள், இரண்டு இடங்கள்.

எல்லாம் சமமானால்?

புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் என்றேன். அதுவும் சமமானால்? அடித்த மொத்தக் கோல்கள். அதுவும் சமமானால்? இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் கணக்கு. சில கூட்டமைப்புகள் இந்த வரிசையை மாற்றி, நேருக்கு நேர் கணக்கை முதலில் பார்ப்பதும் உண்டு. ஆகவே கடைசி நாள் கணக்குப் போடுவதற்கு முன் விதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள். தவறான விதியை வைத்துக்கொண்டு கொண்டாடியவர்கள் நிறைய.

2009-இல் இந்த ஏணியின் எல்லாப் படிகளும் தீர்ந்துபோயின. எகிப்தும் அல்ஜீரியாவும் ஒரே குழு. கெய்ரோவில் கடைசி ஆட்டம். 90 நிமிடங்கள் தாண்டியும் 1-0 என்று எகிப்து முன்னிலை, ஆனால் அது போதாது. 95-வது நிமிடத்தில் மொதாப் தலையால் முட்டி இரண்டாவதைப் போட்டார். இருவருக்கும் 13 புள்ளிகள். இருவரும் அடித்தது 9, வாங்கியது 4. நேருக்கு நேர் 3-1, 0-2, அதுவும் சமம். வேறு வழியின்றி நடுநிலை இடமாகச் சூடானின் ஓம்துர்மானில் நான்கு நாட்கள் கழித்து ஒரு தனி ஆட்டம். அன்டர் யாஹியா அடித்த ஒரே கோலில் அல்ஜீரியா, 2010 உலகக் கோப்பை நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போனது.

இரண்டு ஆட்ட மோதல்களில் நீண்ட காலம் இன்னொரு விதியும் இருந்தது: மொத்தக் கோல் சமமானால், எதிரணியின் மண்ணில் அதிகம் அடித்தவர் மேலே. 2022 மார்ச்சில் கானா, நைஜீரியாவுடன் கும்மாசியில் 0-0, அபுஜாவில் 1-1 என்று இரண்டையும் டிரா செய்துவிட்டு இந்த விதியால்தான் கத்தார் போனது. ஒரு வெற்றி கூட இல்லாமல் ஒரு பெரிய மோதலைத் தாண்டியது. ஐரோப்பிய கிளப் போட்டிகளில் இந்த விதி 2021-இல் கைவிடப்பட்டது. போனதே நல்லது என்று நினைக்கிறேன். சொந்த மண்ணில் ஆடுகிற அணி ஒரு கோல் வாங்கிவிடுவோமோ என்ற பயத்திலேயே கதவைச் சாத்திக்கொண்டு ஆடியது.

புகார் கொடுத்த சிலி

தகுதிச்சுற்றில் மைதானத்துக்கு வெளியே தோற்ற கதைகளில் இதற்கு இணை இல்லை. 2016 செப்டம்பரில் பொலிவியா இரண்டு ஆட்டங்களில் நெல்சன் கப்ரேரா என்பவரை மாற்று ஆட்டக்காரராக இறக்கியது. பராகுவேயில் பிறந்தவர். ஒரு நாட்டுக்கு ஆட வேண்டுமானால் குடியுரிமை மட்டும் போதாது; பிறப்பாலோ, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வழியாலோ, குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததாலோ ஒரு தொடர்பு வேண்டும். கப்ரேரா பொலிவியாவில் ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கவில்லை. தங்களுடன் 0-0 என்று முடிந்த ஆட்டத்தைக் காட்டிச் சிலி புகார் செய்தது.

புகார் ஏற்கப்பட்டது. ஆட்டம் சிலிக்கு 3-0 வெற்றி என்று மாற்றப்பட்டது. ஒரு புள்ளி மூன்றாகி, சிலிக்கு இரண்டு லாபம். ஆனால் அதே கப்ரேரா அதற்குச் சில நாட்களுக்கு முன் பெருவுக்கு எதிராகவும் ஆடியிருந்தார். அந்த ஆட்டத்தைப் பொலிவியா 2-0 என்று வென்றிருந்தது. அதுவும் பெருவுக்கு 3-0 என்று மாறியது. பெருவுக்கு மூன்று புள்ளிகள் லாபம்.

கடைசி நாள் அதே 2017 அக்டோபர் 10. கூவாவில் அமெரிக்கா தோற்ற அதே ராத்திரி, சிலி பிரேசிலிடம் 3-0 என்று தோற்றது; பெரு கொலம்பியாவுடன் 1-1. இருவருக்கும் 26 புள்ளிகள். கோல் வித்தியாசம் பெருவுக்கு +1, சிலிக்கு -1. அப்போது பிளே-ஆஃபுக்கு வழிவிட்ட ஐந்தாமிடம் பெருவுக்கு; அதில் நியூசிலாந்தை வென்று 36 ஆண்டுகளுக்குப் பின் உலகக் கோப்பைக்குப் போனது. சிலி புகாரே கொடுக்காமல் இருந்திருந்தால்? சிலி 24, பெரு 23. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன்.

காகிதம் காவு வாங்குவது இன்றும் நடக்கிறது. 2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்கா, மஞ்சள் அட்டைகளால் ஓர் ஆட்டம் வெளியே உட்கார வேண்டிய மொகோயேனாவை லெசோத்தோவுக்கு எதிராக இறக்கிவிட்டது. பல மாதங்கள் கழித்து மூன்று புள்ளிகள் பறிபோயின. குழுவில் 18-17 என்று ஒரே புள்ளியில் பிழைத்து உள்ளே போனார்கள்.

குலுக்கலுக்கும் தந்திரம் உண்டு. தரவரிசைப்படி அணிகளைப் பானைகளில் பிரித்துத்தான் குலுக்குவார்கள். மேல் பானையில் இருந்தால் பெரிய அணிகளைச் சந்திக்க வேண்டியதில்லை. பழைய தரவரிசை முறையில் நட்பு ஆட்டம் ஆடினால் சராசரி குறையும். 2018-க்கு முன் போலந்து நட்பு ஆட்டங்களையே தவிர்த்து, முதல் பானைக்குள் ஏறிக்கொண்டது. உலகக் கோப்பையில் தன் குழுவில் கடைசி இடம் பிடித்தது வேறு விஷயம். அந்த ஆண்டே கணக்கு முறை மாற்றப்பட்டது.

ஓசியானியா

கடைசி வாசல் ஓசியானியா. 2001 ஏப்ரல் 11 அன்று ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பரில் ஆஸ்திரேலியா 31, அமெரிக்க சமோவா 0. ஆர்ச்சி தாம்சன் ஒருவரே 13 கோல்கள். இரண்டு நாள் முன்னால் டோங்காவையும் 22-0 என்று அடித்திருந்தார்கள். இத்தனை கோல் அடித்தும் ஆஸ்திரேலியா 2002-க்குப் போகவில்லை. ஏனென்றால் அந்த வாசலின் மறுபக்கத்தில் டிக்கெட் இல்லை. பிளே-ஆஃபில் உருகுவே நின்றது. மெல்போர்னில் 1-0 என்று வென்று, மான்டிவிடியோவில் 3-0 என்று தோற்று வெளியேறினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அதே உருகுவேயைச் சிட்னியில் பெனால்டிகளில் வென்றார்கள். அந்தக் கையோடு 2006 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா வாசலையே மாற்றிக்கொண்டு ஆசியக் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. ஓசியானியாவுக்கு ஒரு நேரடி இடம் கிடைத்ததே 2026-இல்தான். அதை நியூசிலாந்து எடுத்துக்கொண்டது.

அந்த 31 கோல்களை வாங்கிய கோல்கீப்பர் நிக்கி சலாபு. பாஸ்போர்ட் சிக்கலால் மூத்த ஆட்டக்காரர்கள் எல்லாம் விலக்கப்பட, பள்ளிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்த அணியில் தேறிய ஒருவர். பத்து ஆண்டுகள் கழித்து, 2011 நவம்பர் 22 அன்று, சமோவாவின் ஆப்பியாவில் நடந்த தகுதிச்சுற்றின் முதல் படியில் அவர் மறுபடியும் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். எதிரணி டோங்கா. அமெரிக்க சமோவா 2-1 என்று ஜெயித்தது. அந்த அணியின் முதல் சர்வதேச வெற்றி. அடுத்து குக் தீவுகளுடன் 1-1. நான்கு புள்ளிகள். கடைசி ஆட்டம் சமோவாவுடன்; அவர்களிடமும் நான்கு. ஜெயித்தால் அடுத்த சுற்று. கோல் இல்லாமல் ஓடிய ஆட்டத்தில், முடிவுக்குச் சற்று முன் அமெரிக்க சமோவா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்த சில நொடிகளில் சமோவா மறுமுனைக்கு ஓடி ஒன்றைப் போட்டது. 1-0.